அத்தியாயம் 9: கேபிள் டெஸ்டரில் ஃபர்ம்வேர் அப்டேட்

கேபிள் டெஸ்டர் ‘பாஸ்’ என்று காட்டினால் ஃபால்ஸ் சீலிங்கை மூடிவிடுகிறோம். ‘ஃபெயில்’ என்று காட்டினால் ஜாக்கைக் கழற்றி மறுபடி பஞ்ச் செய்கிறோம். அந்தத் தீர்ப்பைச் சொல்வது கருவிக்குள் எழுதிவைத்திருக்கும் ஃபர்ம்வேர். அளந்த எண்ணை எந்த வரம்போடு ஒப்பிட வேண்டும், எந்த ஜோடியில் தவறு, கேபிள் எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடுவதெல்லாம் அதன் வேலை.

ஃபர்ம்வேரை ஏற்றுவது அப்படியொன்றும் கடினமில்லை. சரியான கோப்பு, போதிய சார்ஜ், இடையில் கை வைக்காத பொறுமை, இவை இருந்தால் போதும். பலர் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். திரையில் புதுப் பதிப்பு எண் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று கருவியைப் பையில் போட்டுவிடுகிறார்கள். கருவி நேற்று அளந்ததைப் போலவே இன்றும் அளக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அப்டேட் முடிகிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஏற்றும் படிகளைவிட, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை அதிகம் இருக்கும்.

உங்கள் கருவிக்கு இது பொருந்துமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், 1 முதல் 8 வரை விளக்கு எரியும், 9 வோல்ட் பேட்டரி போடும் டெஸ்டருக்கு அப்டேட் என்று ஒன்று கிடையாது. அது கம்பி தொடர்கிறதா என்று மட்டும் பார்க்கும். இந்த அத்தியாயத்தில் சாட்சி கேபிள் பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். அது உங்களுக்கும் உதவும்.

திரையும் யூஎஸ்பி துளையும் உள்ள டெஸ்டர்களுக்குப் பெரும்பாலும் அப்டேட் உண்டு. நீளத்தையும் அறுந்த இடத்தையும் சொல்பவை, ஸ்விட்ச் போர்ட்டின் வேகத்தையும் நெட்வொர்க் கேபிள் வழியே வரும் பிஓஇ மின்சாரத்தையும் சோதிப்பவை, மெயின்–ரிமோட் என இரண்டு துண்டாக வந்து சான்றிதழ் ரிப்போர்ட் தருபவை எல்லாம் இந்த வகை. மெனுவில் ‘அபவுட்’ அல்லது ‘வெர்ஷன்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஃபர்ம்வேர் பதிப்பு எண் அங்கே இருக்கும். அதையும், கருவியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், சீரியல் எண், ஹார்டுவேர் ரிவிஷன் ஆகியவற்றையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு தலைமுறை போர்டுகள் வருவது சகஜம். ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றதற்குப் பொருந்தாது.

எப்போது அப்டேட் செய்யலாம், எப்போது கூடாது

புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்பது மட்டும் அப்டேட் செய்யக் காரணமாகாது. கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்த வேண்டும்:

- உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு குறை, புதுப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று இருக்கிறது.
- வாடிக்கையாளர் கேட்கும் சோதனை வரம்பு உங்கள் கருவியின் பட்டியலில் இல்லை.
- லேப்டாப்பில் உள்ள ரிப்போர்ட் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டீர்கள். அது கருவியின் பழைய பதிப்போடு ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் சைட்டில் தகராறு வருவது பெரும்பாலும் அதனால்தான். சீலிங்கில் மாட்டும் கேமராவுக்கும் வைஃபை ஆக்சஸ் பாயிண்டுக்கும் சுவர் ஜாக் வைக்காமல், வரும் கேபிளின் நுனியிலேயே ஆர்ஜே-45 பிளக்கைக் கிரிம்ப் செய்து நேராகச் செருகிவிடுகிறோம். ஒரு முனையில் ஜாக், மறுமுனையில் பிளக் என்ற இந்த இணைப்புக்கு எம்பிடிஎல் என்று பெயர். 2018-இல் வந்த டிஐஏ-568.2-டி தரநிலையில் இது இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஃபர்ம்வேர் உள்ள சான்றிதழ் டெஸ்டரில் இந்த வரம்பு இருக்காது. தொழிலாளி ‘பெர்மனென்ட் லிங்க்’ அல்லது ‘சேனல்’ என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளந்து கொடுப்பார்; கன்சல்டன்ட் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவார். பிஓஇ விஷயமும் இப்படித்தான். 2003-இல் 15.4 வாட், 2009-இல் 30 வாட் என்றிருந்த அளவு 2018-இல் வந்த 802.3பிடி தரநிலையில் 90 வாட் வரை போய்விட்டது. ஆனால் ஒன்று: பழைய கருவியின் உள்ளே அதற்கான மின்சுற்று இல்லாவிட்டால் எந்த ஃபர்ம்வேரும் 90 வாட்டை அளந்து காட்டாது. வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆசைப்படுங்கள்.

கூடாத நேரங்கள்:

- ஒரு ப்ராஜெக்ட்டின் நடுவில். சான்றிதழ் டெஸ்டர்களின் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் சாஃப்ட்வேர் பதிப்பும் வரம்புப் பட்டியலின் பதிப்பும் சிறிய எழுத்தில் அச்சாகும். முதல் மாடி ஒரு பதிப்பிலும் இரண்டாம் மாடி வேறு பதிப்பிலும் இருந்தால் கேள்வி வரும். கேள்வி நியாயமானதும்கூட.
- மறுநாள் காலையில் சைட் ஹேண்டோவர் இருக்கும்போது.
- சைட்டில், தற்காலிக மின்இணைப்பில் நின்றுகொண்டு.
- இடி மின்னலோ மின்வெட்டோ உள்ள நாளில், யூபிஎஸ் இல்லாமல்.

ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்தது தொடங்குவதற்கு முந்தைய ஓய்வு நாள்தான் இதற்குச் சரியான நேரம்.

சாட்சி கேபிள்கள் மூன்று செய்துகொள்ளுங்கள்

அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட, குணம் தெரிந்த கேபிள்கள் வேண்டும். கடையில் தேட வேண்டாம். மீந்த கேபிளில் நீங்களே செய்யலாம்.

1. நல்ல கேபிள். ஒரே பெட்டியிலிருந்து 20 மீட்டர் கேட்-6 கேபிளை அளவுநாடாவால் அளந்து வெட்டுங்கள். டி568பி வரிசையில் இரு முனையும் கிரிம்ப் செய்யுங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. நீளத்தை ஒரு டேக்கில் எழுதிக் கட்டுங்கள்.

2. அறுந்த கேபிள். மேலே சொன்னது போலவே நான்கைந்து மீட்டரில் ஒன்று. ஒரு முனையில் மட்டும் 5-ஆம் கம்பியை, அதாவது நீல-வெள்ளையை, பிளக்குக்குள் போகாதபடி வெட்டிவிட்டுக் கிரிம்ப் செய்யுங்கள்.

3. ஜோடி பிரிந்த கேபிள். இதுதான் மூன்றிலும் முக்கியமானது. இரு முனையிலும் கம்பிகளை ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிடுங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீல-வெள்ளை, நீலம், பழுப்பு-வெள்ளை, பழுப்பு. 1 ஒன்றுக்கும் 8 எட்டுக்கும் நேராகப் போவதால் விளக்கு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் நெட்வொர்க் கார்டு 3-ஐயும் 6-ஐயும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. இங்கே 3 பச்சை முறுக்கிலிருந்தும் 6 நீல முறுக்கிலிருந்தும் வருகின்றன. 4, 5 கம்பிகளின் கதையும் அதுவே. முறுக்கின் பலன் கிடைக்காமல் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் ஒலிக்கும். நல்ல டெஸ்டர் இதை ‘ஸ்பிளிட் பேர்’ என்று பிடித்துவிட வேண்டும். இதையும் நான்கைந்து மீட்டருக்குக் குறையாமல் செய்யுங்கள். மிகவும் குட்டையான கேபிளில் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பல கருவிகளால் முடியாது.

*குறிப்பு:* 2, 3 எண் கேபிள்களின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். யாராவது நல்ல பேட்ச் கார்டு என்று எண்ணி ராக்கில் செருகிவிட்டால் தேடி மாளாது.

எடுத்துவைக்க வேண்டியவை

கருவியோடு வந்த அதே சார்ஜர். மெயின், ரிமோட் என இரண்டு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி சார்ஜர். டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள். 8 அல்லது 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று. பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப். மூன்று சாட்சி கேபிள்கள். ஒரு நோட்டுப்புத்தகம்.

யூஎஸ்பி கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டுமே இருக்கும்; டேட்டா கம்பி இருக்காது. கருவி சார்ஜ் ஆகும், லேப்டாப் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. டிரைவரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து அரை நாளைத் தொலைப்பதற்கு முன், அதே கேபிளில் மொபைலை இணைத்து லேப்டாப்பில் படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கேபிளில் குறையில்லை.

பாதுகாப்பு: தொடங்கும் முன் ஐந்து விஷயங்கள்

1. டெஸ்டரின் ஜாக்கில் எந்த கேபிளும் செருகியிருக்கக் கூடாது. மறுமுனை பிஓஇ ஸ்விட்ச்சில் இருந்தால் 44 முதல் 57 வோல்ட் வரை வரலாம். பழைய தொலைபேசி லைனாக இருந்தால் மணி அடிக்கும்போது அதைவிட அதிகம் வரும்.
2. பேட்டரி உப்பியிருந்தாலோ, பின்மூடி சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றாலோ, சார்ஜரைச் செருகாதீர்கள். அதே வகை புது பேட்டரியை மாற்றிவிட்டு வேறொரு நாளில் அப்டேட் செய்யுங்கள்.
3. ‘பின் ஒத்துப்போகிறது’ என்பதற்காக வேறு சார்ஜரைப் போடாதீர்கள். வோல்ட் அளவும் துருவமும் மாறினால் கருவி அங்கேயே போய்விடும்.
4. கருவியை மெத்தை, சோபா, கார் டேஷ்போர்டு ஆகியவற்றில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டே வேலையும் செய்வதால் சூடாகும். மேசைமேல் வையுங்கள்.
5. மேசையில் சார்ஜர் ஒயர் யார் காலிலும் படாதபடி போடுங்கள். அப்டேட் நடுவில் மின்சாரம் அறுந்தால் ஃபிளாஷ் நினைவகம் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும்.

முதல் கட்டம்: கோப்பைக் கொண்டுவருதல்

1. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் நண்பர் அனுப்பிய கோப்பு நல்ல எண்ணத்தில் வந்ததாகவே இருக்கட்டும். அது எந்த ரிவிஷனுக்கானது என்று அவருக்கும் தெரியாது.

2. வெளியீட்டுக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். மூன்று தகவலைத் தேடுங்கள். எந்தப் பழைய பதிப்பிலிருந்து நேராக இதற்குத் தாவலாம்? இடையில் வேறு பதிப்பு ஏற்ற வேண்டுமா? பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியுண்டா? சில கருவிகள் கீழிறங்கவே அனுமதிப்பதில்லை.

3. தளத்தில் எஸ்எச்ஏ-256 என்று ஒரு நீண்ட சரம் கொடுத்திருந்தால் அதைச் சரிபாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பை இழுத்துப் போட்டு என்டர் அழுத்தினால் 64 எழுத்துள்ள சரம் வரும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்க்காமல் முழுவதையும் ஒப்பிடுங்கள். ஓரெழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

4. ஜிப் கோப்பாக வந்தால் விரித்தெடுங்கள். ஜிப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் பெரும்பாலான கருவிகளுக்கு அது தெரியாது.

5. கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். நீங்கள் மாற்றாவிட்டாலும் பிரௌசர் மாற்றிவிடும் என்பதைக் கவனியுங்கள். ஒரே கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று அது சேர்க்கும். குறிப்பிட்ட பெயரைத் தேடும் கருவி இந்தக் கோப்பைத் தாண்டிப்போய், ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று சொல்லும். அப்போது அந்த வாலை வெட்டலாம். ஆனால் விண்டோஸில் கோப்பு நீட்டிப்பைக் காட்டும் வசதியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நீட்டிப்போடு இன்னொரு நீட்டிப்பும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் கட்டம்: உள்ளே இருப்பதை வெளியே எடுத்தல்

அப்டேட் பழைய ரிப்போர்ட்டுகளை அழிக்காது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனாலும் அப்டேட் பாதியில் நின்று, ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டி வந்தால் அவை போய்விடும். ஒரு மாடி முழுக்க அளந்த முடிவு போனால் ஏணியோடு திரும்பப் போக வேண்டும். ஆகவே:

1. எல்லா டெஸ்ட் முடிவுகளையும் லேப்டாப்புக்கு மாற்றுங்கள். மாற்றிய கோப்பைத் திறந்து முதல் முடிவும் கடைசி முடிவும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.
2. நீங்களே உருவாக்கிய ப்ராஜெக்ட் பெயர்கள், கேபிள் ஐடி பட்டியல், தனி வரம்புகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவையுங்கள்.
3. செட்டிங்ஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மொபைலில் படம் எடுங்கள்: தேதி, நேரம், மீட்டரா அடியா, தேர்ந்தெடுத்த வரம்பு, கேபிள் வகை, என்விபி (ஐந்தாம் கட்டத்தில் விளக்கம் வரும்), பிளக் வரிசை, ஆபரேட்டர் பெயர், ஐபி அமைப்பு. எழுதிவைப்பதைவிடப் படம் எடுப்பது வேகம், எதுவும் விட்டுப்போகாது.

மூன்றாம் கட்டம்: ‘முன்’ அளவீடு

மூன்று சாட்சி கேபிள்களையும் பழைய ஃபர்ம்வேரில் அளந்து நோட்டில் எழுதுங்கள். நல்ல கேபிளுக்கு நீளமும், கருவி காட்டினால் நான்கு ஜோடியின் தனித்தனி நீளமும், சான்றிதழ் டெஸ்டராக இருந்தால் நெக்ஸ்ட், ரிட்டர்ன் லாஸ் ஆகியவற்றின் மார்ஜினும் வேண்டும். அறுந்த கேபிளுக்கு எந்தப் பின், எத்தனை மீட்டரில் என்று குறியுங்கள். மூன்றாவது கேபிளுக்கு எந்த ஜோடிகள் பிரிந்ததாகக் காட்டுகிறது என்று குறியுங்கள். பிஓஇ சோதனை உண்டென்றால் அலுவலகத்தில் உள்ள ஒரு ஸ்விட்ச்சின் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் அளந்து, வோல்ட்டையும் வாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கேபிளை உருவிவிடுங்கள்.

பத்து நிமிட வேலை. இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் கிடைக்காது.

நான்காம் கட்டம்: ஏற்றுதல்

*அ. பென்டிரைவ் வழி*

1. பென்டிரைவில் உள்ளதை வேறிடத்தில் சேமித்துவிட்டு, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பல டெஸ்டர்களுக்கு எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸ்ஸும் தெரியாது. சிறிய பென்டிரைவ் சொன்னதும் இதற்காகத்தான்: 32 ஜிபிக்கு மேல் போனால் பல விண்டோஸ் கணினிகள் ஃபேட்32 என்ற வாய்ப்பையே காட்டுவதில்லை.
2. ஃபர்ம்வேர் கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் மேல்மட்டத்திலேயே வையுங்கள். கையேடு குறிப்பிட்ட ஃபோல்டரைச் சொன்னால் மட்டும் அந்த ஃபோல்டர். ஒரே ஒரு பதிப்பு இருக்கட்டும்.
3. ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று விண்டோஸ் சொன்ன பிறகு உருவுங்கள். காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.
4. கருவியைச் சார்ஜரில் போடுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் ஏறும்வரை பொறுங்கள். சார்ஜர் இருக்கிறதே என்று காலி பேட்டரியோடு தொடங்காதீர்கள். மின்சாரம் போனால் தாங்கிப்பிடிப்பது பேட்டரிதான்.
5. பென்டிரைவைச் செருகி, மெனுவில் அப்டேட்டைத் தேர்ந்தெடுங்கள். திரையில் தெரியும் பதிப்பு எண், நீங்கள் இறக்கிய எண்தானா என்று பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள்.
6. கருவி தானாக அணைந்து எழும்வரை தொடாதீர்கள்.

*ஆ. லேப்டாப் வழி*

இதற்கு உதாரணமாக ஃப்ளூக் நெட்வொர்க்ஸின் டிஎஸ்எக்ஸ் வகை டெஸ்டர்களை எடுத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு லிங்க்வேர் பிசி என்ற இலவச மென்பொருள் உண்டு. வரிசை முக்கியம்: முதலில் லேப்டாப்பில் உள்ள லிங்க்வேர், பிறகு மெயின், கடைசியில் ரிமோட்.

1. லிங்க்வேரின் புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். கருவியை அதன்பிறகே இணையுங்கள். டிரைவர் வருவதற்கு முன் இணைத்தால் விண்டோஸ் பொருந்தாத டிரைவரைக் கட்டிவிடலாம்.
2. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, தூங்கும் நேரத்தை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றுங்கள். விண்டோஸின் சொந்த அப்டேட்டையும் அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். நம் அப்டேட்டின் நடுவில் லேப்டாப் ரீஸ்டார்ட் ஆவதைப் போல மோசமானது வேறில்லை.
3. மெயினைச் சார்ஜரில் போட்டு, யூஎஸ்பி கேபிளை லேப்டாப்பின் துளையில் நேராகச் செருகுங்கள். ஹப் வேண்டாம்.
4. லிங்க்வேரில் சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் காட்டுங்கள். முடிந்ததும் மெயின் ரீஸ்டார்ட் ஆகும்.
5. மெயினில் டூல்ஸ், வெர்ஷன் இன்ஃபர்மேஷன் என்று போய்ப் புது எண்ணைப் பாருங்கள்.
6. ரிமோட்டையும் சார்ஜரில் போட்டு, அப்டேட் ஆன மெயினோடு இணைத்துப் புதுப் பதிப்பை அதற்கும் மாற்றுங்கள்.

*கவனம்:* எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் மெயினை மட்டும் அப்டேட் செய்து ரிமோட்டை மறப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. ரிமோட் பெரும்பாலும் வேறொருவர் பையில் இருக்கும். சைட்டில் இரு முனையிலும் ஆள் நின்ற பிறகு ‘பதிப்பு பொருந்தவில்லை’ என்ற செய்தி வரும். இரண்டு ரிமோட் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

*இ. வைஃபை, மொபைல் ஆப் வழி*

வசதிதான். ஆனால் தேர்ந்தெடுக்க வேறு வழி இருந்தால் கேபிளையே எடுங்கள் என்பேன். இதுதான் ஒரே வழி என்றால், மொபைலைக் கருவியின் பக்கத்திலேயே வையுங்கள், ஆப்பைத் திரையில் திறந்தே வையுங்கள், அழைப்பு வராதபடி செய்யுங்கள்.

ஐந்தாம் கட்டம்: ‘பின்’ அளவீடு

கருவி எழுந்துவிட்டது, புது எண் தெரிகிறது. அவசரப்படாமல் இதைச் செய்யுங்கள்.

1. மொபைலில் எடுத்த செட்டிங்ஸ் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் கருவியோடு ஒப்பிடுங்கள். தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பியிருந்தால் எல்லா ரிப்போர்ட்டும் தவறான தேதியில் அச்சாகும். மீட்டர் அடியாக மாறியிருந்தால் உடனே கண்ணில் படும். என்விபி மாறியிருந்தால் கண்ணில் படாது.

2. என்விபியை எண்ணோடு பாருங்கள். ஒளியின் வேகத்தில் எத்தனை சதவீத வேகத்தில் சிக்னல் கேபிளில் ஓடுகிறது என்பதே என்விபி. கருவி நேரத்தை அளந்து, இந்தச் சதவீதத்தால் பெருக்கி நீளத்தைச் சொல்கிறது. உங்கள் கேபிளுக்கு 72 என்று வைத்திருந்தீர்கள், அப்டேட் அதை 69-க்குத் திருப்பிவிட்டது என்று வையுங்கள். உண்மையில் 93.9 மீட்டர் உள்ள லிங்க்கைக் கருவி 90 மீட்டர் என்று காட்டும். பெர்மனென்ட் லிங்க்கின் எல்லை 90 மீட்டர். நீண்டுபோன கேபிள் எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும். எதிர்ப்பக்கமாக மாறினால் நல்ல லிங்க் தோற்கும்.

3. மெயின்–ரிமோட் டெஸ்டராக இருந்தால் ‘செட் ரெஃபரன்ஸ்’ செய்யுங்கள். கையேட்டின்படி அடாப்டர்களை இணைத்து, இரண்டு கருவியும் சில நிமிடம் ஓடிச் சூடு சமநிலைக்கு வந்தபின் செய்வது நல்லது. அப்டேட் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது. ஆண்டுக்கு ஒருமுறை தொழிற்சாலையில் செய்யும் கேலிபரேஷன் வேறு. அப்டேட் அதற்கு ஈடாகாது.

4. சாட்சி கேபிள்கள் மூன்றையும் அதே வரிசையில் அளந்து, ‘முன்’ எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நல்ல கேபிளின் நீளம் அப்படியே இருக்க வேண்டும். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு மாறுவது இயல்பு. டெசிபெல் மார்ஜினும் பத்தில் ஒன்றிரண்டு பங்கு முன்பின் ஆகலாம். ஒரே கருவியில் இரண்டு முறை அளந்தாலே அவ்வளவு வரும். அறுந்த கேபிளில் அதே 5-ஆம் பின் அதே தூரத்தில் தெரிய வேண்டும். ஜோடி பிரிந்த கேபிளை ‘பாஸ்’ என்று சொன்னால் அந்தக் கருவியை அன்றே ஒதுக்கிவையுங்கள்.

5. பிஓஇ சோதனையை அதே ஸ்விட்ச்சின் அதே போர்ட்டில் செய்யுங்கள். ஸ்விட்ச்சில் வேறு கேமராக்கள் ஏறியிருந்தால் வாட் மாறலாம். வோல்ட் பெரிதாக மாறக் கூடாது.

6. ஒரு பழைய முடிவைத் திறந்து பாருங்கள். ஒரு புது முடிவைச் சேமித்து, லேப்டாப்புக்கு மாற்றி, பிடிஎஃப் ரிப்போர்ட்டாக எடுங்கள். நிறுவனத்தின் பெயர், ஆபரேட்டர் பெயர், பதிப்பு எண் எல்லாம் சரியாக அச்சாகின்றனவா என்று பாருங்கள்.

*குறிப்பு:* நோட்டில் அந்தப் பக்கத்தின் மேலே தேதி, கருவியின் சீரியல் எண், பழைய பதிப்பு, புதுப் பதிப்பு நான்கையும் எழுதுங்கள். ரிப்போர்ட்டைக் கேள்வி கேட்கும் கன்சல்டன்டுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எண்கள் பொருந்தாவிட்டால்

முதலில் என்விபி, கேபிள் வகை, வரம்பு மூன்றையும் மறுபடி பாருங்கள். பிறகு பிளக்கையும் ஜாக்கையும் பாருங்கள்: டெஸ்டரின் ஜாக்கில் தூசியோ வளைந்த பின்னோ இருக்கலாம்; அடாப்டர் தேய்ந்திருக்கலாம். ரெஃபரன்ஸை மீண்டும் எடுத்து அளந்து பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு நல்ல கேபிளின் நீளம் மீட்டர் கணக்கில் விலகினால், பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்று வெளியீட்டுக் குறிப்பைப் பாருங்கள். முடியாதென்றால், ‘முன்’, ‘பின்’ எண்கள் இரண்டையும் தயாரிப்பாளரின் சப்போர்ட்டுக்கு அனுப்புங்கள். வெறும் ‘அப்டேட்டுக்குப் பிறகு சரியில்லை’ என்ற புகாருக்கும் இரண்டு பத்தி எண்களோடு போகும் புகாருக்கும் கிடைக்கும் பதிலில் நிறைய வித்தியாசம் உண்டு.

அப்டேட் நடுவில் நின்றுவிட்டால்

- *முன்னேற்றக் கோடு 90 சதவீதத்துக்கு மேல் வந்து நகரவில்லை.* பெரும்பாலும் கருவி எழுதியதைத் தானே சரிபார்த்துக்கொண்டிருக்கும். கையேடு சொல்லும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு பொறுங்கள். நேரம் சொல்லவில்லை என்றால் அரை மணி நேரம். அதற்குள் பேட்டரியைக் கழற்றாதீர்கள்.
- *லேப்டாப் ‘தொடர்பு அறுந்தது’ என்கிறது, கருவியின் திரை ஓடிக்கொண்டே இருக்கிறது.* கருவியை நம்புங்கள். அது முடிக்கட்டும்.
- *கருவி எழுகிறது, உடனே அணைகிறது, மறுபடி எழுகிறது.* சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பேட்டரி தாழ்ந்திருந்தால் இதிலேயே சரியாகலாம். இல்லையென்றால் கையேட்டில் ‘ரெகவரி’ என்ற பகுதியைத் தேடுங்கள். குறிப்பிட்ட பொத்தான்களை அழுத்திக்கொண்டே ஆன் செய்யும் முறை பல கருவிகளில் உண்டு. எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வேறு மாடலின் முறையை இதில் முயலாதீர்கள்.
- *திரை இருண்டே இருக்கிறது, லேப்டாப்பும் காணவில்லை.* வேறு டேட்டா கேபிள், வேறு யூஎஸ்பி துளை என ஒரு முறை முயலுங்கள். அதற்குமேல் கருவியைத் திறக்காதீர்கள். உள்ளே அளவீட்டுப் பகுதியைத் தொட்டால் கேலிபரேஷன் போய்விடும், வாரன்டியும் போய்விடும்.

சர்வீசுக்கு அனுப்புவதானால் பழைய பதிப்பு, ஏற்ற முயன்ற பதிப்பு, எந்த வழியில், எந்தச் சதவீதத்தில் நின்றது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மெயின் மட்டும் பழுது என்றாலும், ரிமோட்டையும் அடாப்டர்களையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜோடியாகச் சோதித்துத் திருப்பித் தருவார்கள். மெமரி கார்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடிந்தால், அதை எப்படி அனுப்ப வேண்டும் என்று கூரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பார்சலைக் கட்டுங்கள்.